ஃப்ளோராக்காவின் ஊளை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஃப்ளோராவைத் தெரியாதவர்கள் இருந்தார்கள். ஃப்ளோராக்காவின் ஊளையைத் தெரியாதவர்கள் இல்லை. மீன் ஏலம் போடுகிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர்கள் என்று யாரைக் கேட்டாலும் வாயைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தை எழுப்பி, மேலே கொண்டுபோய் நடுங்கவிட்டுக் காட்டுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் ஃப்ளோராவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தன் கையால் உண்டாக்கிய சத்தம் அது.

எண்பத்தொன்றில் நடந்தது. கப்பலில் வேலை பார்த்த அவளுடைய சித்தப்பா மகன் தாமஸ், ஜப்பானிலிருந்து ஒரு மின் இசைக் கருவியைக் கொண்டுவந்து போட்டான். அதன் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மிஷின் என்றே ஆகிவிட்டது. ஒரு வரிசைக் கட்டை, அதற்கு மேலே வரிசை வரிசையாகத் திருகுகள். கூட வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. மாதா கோயிலில் மிதி ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஃப்ளோரா, எந்தத் திருகைத் திருப்பினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகத் திருப்பியே படித்தாள். தங்கை ஹில்டா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமைத்தாள். ஒரு மத்தியானம், ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி நடுவில் இருந்த திருகை மெல்லத் திருப்பினபோது, துறைமுகத்துக் கப்பலின் சங்கு மாதிரி கீழே தொடங்கிய சத்தம் மேலே ஏறி, அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஓர் இடத்தில் நின்று நடுங்கியது. தெருநாய்கள் எல்லாம் பதிலுக்கு ஊளையிட்டன. அன்றைக்கு வந்த பெயர்தான்.

முத்தொளி இன்னிசைக் குழு நடத்திய கிருஷ்ணப்பன் அதைக் கேட்டுவிட்டு, அவளை அந்த வாரமே மேடையில் உட்கார வைத்தார். காசிமேட்டுக் கச்சேரியில் பாதிப் பேர் மேடைக்குப் பின்னால் போய், வயலின்காரர்களை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடினார்கள். குழுவின் சொந்த மெட்டு ஒன்று ஊளையில் தொடங்கி ஊளையில் முடியும்படி கிருஷ்ணப்பன் அமைத்தார். அது ஓடியது. அதன்பிறகு ஃப்ளோரா மழைச் சத்தம் செய்தாள், தகரத்தை உரசுகிற மாதிரி ஒரு குரல் செய்தாள், இல்லாத பறவைகளைக் கூவ வைத்தாள். கூட்டம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஊளை! ஊளை!” என்று கத்தும்.

பிறகு காலம் மாறியது. பட்டனைத் தட்டினால் நூறு வாத்தியம் வருகிற கீபோர்டுகள் வந்தன. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கும் அப்புறம் கல்யாணத்தில் சிடியைப் போட்டுவிட்டு அதன்மேல் ஒருத்தர் பாடினால் போதும் என்றானது. மேடைகள் நின்றுபோனதில் ஃப்ளோராவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வந்த ஒவ்வொரு புதுசையும் அவள் ஆசையோடுதான் பார்த்தாள். மற்றவர்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதைத் திட்டித் திட்டியே கற்றுக்கொண்டாள். கையடக்க ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் பெட்டிகள் மோதிக்கொள்வதைப் பதிந்தாள். எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் முனகலைப் பதிந்தாள். மதிலோரம் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றவளை ஒரு காவலாளி உளவு பார்க்க வந்தவள் என்று நினைத்து விரட்டினான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் லாரிகளின் இன்ஜின் உறுமலை, மழை பெய்தபோது ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை என்று பதிந்தாள். இவற்றையெல்லாம் வெட்டி, நீட்டி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, எட்டு நிமிடத்துக்கு ஓர் இசை செய்திருந்தாள். அதைக் கேட்டிருந்த ஒரே ஆள் ஹில்டா. “தலைவலி வரல” என்பது ஹில்டாவின் கருத்து.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் கிருஷ்ணப்பன் அவள் வீட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டியும் தலைக்கு மை பூசுவதை அவர் நிறுத்தவில்லை.

“நம்ம குழுவுக்கு இருவத்தஞ்சு வருசம் ஆவுது ஃப்ளோரா. திருவொத்தியூர்ல ஃபங்சன். உன்னிய மேடையேத்தி பொன்னாட போத்தி, மின்னிசை முன்னோடின்னு பட்டம் குடுக்கப் போறோம். நீ மிஷினக் கொண்டாந்து நம்ம மெட்ட வாசிச்சினா போதும். ஜனம் அள்ளிக்கும்.”

“பட்டம் கெடக்கட்டும்ண்ணே. நான் புச்சா ஒண்ணு செஞ்சு வச்சுகினு கீறேன். எட்டு நிமிசம். அத்தப் போட வுடுங்க.”

“புச்சு இன்னாத்துக்கும்மா இப்ப?”

“எனக்கு வோணும்.”

“ஜனம் ஊளைக்கோசரம் வருது.”

“இருவது வருசமா ஜனம் அதுக்கோசரமே வந்துகினு கீது. நான் அங்கியே குந்திகினு கீறேனா? ஒரு தபா, ஒரே தபா, நான் இப்ப இன்னா செய்றேன்னு கேக்கட்டுமே!”

குரல் உயர்ந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஹில்டா எட்டிப் பார்த்தாள். நர்ஸாக இருந்து இருந்து, யாருக்கு எப்போது ரத்தம் கொதிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரியும். கிருஷ்ணப்பன் கையை உயர்த்தினார்.

“சரி, கத்தாத. ஊளை முடிஞ்ச கையோட உன் எட்டு நிமிசத்தப் போட்டுக்க. எங்கம்மா மேல சத்தியம்.”

ஃப்ளோராவின் கம்ப்யூட்டரில் சிடி எழுத வசதி இல்லை. மேடையில் ஒலிக்கிற அளவுக்குச் சத்தங்களைச் சமன் செய்யவும் அவளிடம் நல்ல ஸ்பீக்கர் இல்லை. வியாசர்பாடியில் வல்லரசு என்று ஒரு பையன் இதில் கெட்டிக்காரன் என்றார்கள். பையன் என்றாலும் இருபத்தாறு வயது. கானா பாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவன்தான் பின்னணி இசை போட்டுக் கொடுக்கிறான். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. எதிரொலி வராமலிருக்க அறை முழுக்கச் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தான். கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் சட்டையைத் தேடி ஓடினான்.

“ஃப்ளோராக்கா! நீங்க ஏங்கா வந்தீங்க, சொல்லி அனுப்சிருந்தா நான் வந்திருப்பேனே! குந்துங்க. ஒண்ணு காட்டுறேன், மெர்சலாயிடுவீங்க.”

அவள் உட்காருவதற்குள் பாட்டு ஓட ஆரம்பித்தது. சாவுக் கானா ஒன்று. அதன் நடுவில், தூரத்தில், அவளுடைய ஊளை. அடுத்தது கிரிக்கெட்டைப் பற்றிய பாட்டு. அதிலும் ஊளை, வேகமாக, சிறுசாக. அடுத்ததிலும். பழைய கேசட் ஒன்றிலிருந்து அதை வெட்டி எடுத்து எட்டுப் பாட்டில் போட்டிருப்பதாக அவன் பெருமையாகச் சொன்னான்.

“யாரக் கேட்டு எடுத்த?”

அவன் முகம் விழுந்தது. “யாரையும் கேக்கலக்கா. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் எடுக்குறாங்க. உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு…”

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஆறாவது பாட்டு வந்துவிட்டது. அதில் அவன் ஊளையைப் பின்புறமாகத் திருப்பி, நுனியை வெட்டி, மூச்சு விடுகிற மாதிரி ஆக்கியிருந்தான். அழகாக இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை. திருடினவன் மேல் வரவேண்டிய கோபம் தன் மேலேயே திரும்பியது.

“அத்த நிறுத்து. நான் கொண்டாந்ததக் கேளு,” என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முழுசாகக் கேட்டான். முடிந்தபிறகுதான் கண்ணைத் திறந்தான்.

“சத்தமெல்லாம் சோக்கா கீதுக்கா. அந்த கரன்ட்டு கம்பெனி முனகல் கீது பாருங்க, ஐயோ. ஆனா…”

“இன்னா ஆனா?”

“அடில போட்டுகீறீங்களே தாளம், அது பழசுக்கா.”

“போன மாசந்தான் போட்டேன்.”

“போன மாசம் போட்டாலும் பழசுதாங்கா. அஞ்சு வருசம் முன்ன எல்லாரும் இத்தத்தான் போட்டாங்க.”

ஃப்ளோரா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் “அக்கா, அக்கா” என்று பின்னால் வந்தது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேசின் பிரிட்ஜ் தாண்டுகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். ஊரே எட்டிப் பார்க்காத காலத்தில் முதல் ஆளாக உள்ளே நுழைந்தவள் அவள். இன்றைக்கு ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று பார்த்தால், ஐந்து வருஷம் பிந்திப் போய் நிற்கிறாளாம். பழசைக் கொடுத்தால் கும்பிடுகிறார்கள். புதுசைக் கொடுத்தால் அதுவும் பழசு என்கிறார்கள். அவள் எங்கேதான் போவது?

வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். அவன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தாளத்தை அவள் விரும்பிப் போடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கட்டும் என்று போட்டிருந்தாள். அதை மொத்தமாக வழித்தெடுத்தாள். எடுத்தபிறகு, அடியில் இருந்த லாரிகளின் உறுமலே தாளமாக நிற்பது தெரிந்தது. கடைசிப் பகுதியை மறுபடி முதலிலிருந்து செய்தாள். ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கி, அந்த அமைதிக்குள்ளிருந்து கடல் மெல்ல மேலே வருகிற பகுதி அது. செய்து முடித்தபோது, மிஷினைக் கண்டுபிடித்த நாட்களில் இருந்த மாதிரி விரல் நுனி துடித்தது.

மறுபடி வியாசர்பாடிக்குப் போனாள். வல்லரசு கேட்டுவிட்டு, இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். சத்தங்களைச் சமன் செய்து சிடியில் எழுதிக் கொடுத்தபோது, “இது எனக்கு வராதுக்கா,” என்று மட்டும் சொன்னான்.

விழா நாளன்று சாயங்காலம், மிஷினைத் துணியில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மைதானம். மேடையில் மிஷினுக்கென்று தனியாக மேசை போட்டு, சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். வயரை எடுத்துக்கொண்டு ப்ளக்கைத் தேடினாள். அங்கே ப்ளக்கே இல்லை. மேடையின் ஓரத்தில் வல்லரசு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தான்.

“ண்ணே, கரன்ட்டு எங்க குடுத்துகீறீங்க?”

கிருஷ்ணப்பன் அவள் தோளைத் தொட்டு ஓரமாகக் கூட்டிப் போனார். “கோச்சிக்காத ஃப்ளோரா. உன் மிஷினு சூடு ஏறுனா சுருதி நழுவும். நடுவுல மக்கர் பண்ணிச்சுனா அசிங்கமாப் பூடும். அதான் தம்பி பழைய கேசட்டுலேர்ந்து சுத்தமா எடுத்து வச்சிகீறான். நீ சும்மா கையை வையி. சத்தம் தானா வரும்.”

“தானா வரும்னா அப்பால நான் இன்னாத்துக்கு?”

“நீ இல்லாம எப்பிடி? ஜனம் உன்னியப் பாக்கணும்ல!”

“நான் நேத்துகூட வாசிச்சுப் பாத்தேண்ணே. சுருதி நழுவல.”

“நழுவலதான். நழுவுனா?”

அப்போதே வேனை வரச் சொல்லியிருப்பாள். கைப்பையில் இருந்த சிடிதான் அவளை நிறுத்தியது. எட்டு நிமிடத்துக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சிறப்பு விருந்தினர் பிந்தி வந்தார். வந்தவர் நீளமாகப் பேசினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பேசினார்கள். ஃப்ளோராவுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கையில் கொடுத்து, மின்னிசை முன்னோடி என்று மைக்கில் கூவினார்கள். கூட்டம் கத்தியது. கிருஷ்ணப்பன் அவள் காதருகே குனிந்தார்.

“டைம் ஆயிட்ச்சு. ஊளையோட முடிச்சுக்கலாம். உன் புச்ச அடுத்த ஃபங்சனுக்குப் பாக்கலாம், இன்னா?”

“அம்மா மேல சத்தியம் பண்ணீங்க.”

“அம்மா செத்து முப்பது வருசம் ஆவுதும்மா. நேரம் ஆவுது, போ.”

அவள் போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கட்டைகள் குளிர்ந்திருந்தன. இத்தனை வருஷத்தில் மின்சாரம் இல்லாமல் அவற்றை அவள் தொட்டதே இல்லை. ஸ்பீக்கரிலிருந்து ஊளை புறப்பட்டது. ஐந்தாயிரம் தொண்டைகள் அதோடு சேர்ந்து எழுந்தன. விளக்குகள் அவள்மேல் விழுந்தன. ஃப்ளோரா கொஞ்ச நேரம் விரல்களை வைத்திருந்தாள். பிறகு, யார் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். இதோ பாருங்கள், நான் வாசிக்கவில்லை. எல்லோரும் பாருங்கள்.

ஊளை நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

ஒரு கணம் கூட்டம் திகைத்தது. அப்புறம் விசில் பறந்தது. அந்த மைதானத்தில் அதற்கு முன்னால் அப்படி ஒரு விசில் சத்தம் எழுந்திருக்காது. ஃப்ளோரா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மிஷினை விட்டு விலகி நின்று, கைகளை இன்னும் உயரமாகத் தூக்கிக் காட்டினாள். ஜனங்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

கிருஷ்ணப்பன் மைக்கைப் பிடுங்கினார். “பாத்தீங்களா! பாத்தீங்களா! அக்கா கையை எடுத்தாலும் மிஷினு அக்கா பேச்சக் கேக்குது!”

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது.

உண்மையைச் சொன்னாலும் வித்தை என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது என்று ஃப்ளோராவுக்குத் தெரியவில்லை. நேராக வல்லரசுவிடம் போனாள். கைப்பையைத் திறந்து சிடியை அவன் முன்னால் வைத்தாள்.

“அத்த நிறுத்திட்டு இத்தப் போடு.”

“அண்ணன் என்னியக் கொன்னுடுவாருக்கா.”

“என்னிய ஒரு வார்த்த கேக்காம என் சத்தத்த எட்டுப் பாட்டுக்கு எடுத்த. இப்ப நான் உன்னியக் கேக்குறேன். போடு.”

வல்லரசு அவளையும் கிருஷ்ணப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போட்டான்.

எண்ணூரின் முனகல் தொடங்கியது. அது அத்தனை பெரிய ஸ்பீக்கர்களில் வரும்போது மண்ணே முனகுகிற மாதிரி இருந்தது. கீழே யாரோ, “டேய், ஜெனரேட்டரு புட்டுகிச்சு பாரு!” என்றார்கள். மைக்செட்காரர் வயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார். லாரிகளின் உறுமல் வந்தபோது ஓரமாக நின்றிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள், ஒருவர், “ஹாரன் அட்றா!” என்றார். பேசின் பிரிட்ஜில் பெட்டிகள் மோதியபோது பிள்ளைகள் ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டின. கொஞ்சம் பேர் பிரியாணிக் கடைப் பக்கம் போனார்கள். கொஞ்சம் பேர் அப்படியே நின்றார்கள். அவர்கள் கேட்டார்களா, எப்போது முடியும் என்று காத்திருந்தார்களா என்று மேலேயிருந்து பார்த்தபோது சொல்ல முடியவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று ஃப்ளோரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இதோ அடங்கப் போகிறது. கடல் வரப் போகிறது. அந்த இடம் வந்தால் தெரிந்துவிடும்.

ஆலைகள் அடங்க ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட திருப்தியில், மைக்செட்காரர் ஒரு வயரைப் பிடுங்கினார்.

“சரியாயிட்ச்சுண்ணே!” என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

“சின்ன டெக்னிக்கல் கோளாறு, மன்னிக்கணும்,” என்றார் கிருஷ்ணப்பன் மைக்கில். அடுத்த பாடகரின் பெயரை அறிவித்தார்.

யாராவது வேண்டுமென்று நிறுத்தியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். கல்லெறிந்து நிறுத்தியிருந்தால்கூட, இசை என்று தெரிந்து எறிந்தான் என்று ஆறுதல்பட்டிருக்கலாம். பழுது என்று நினைத்துச் சரிசெய்துவிட்டார்கள். நல்ல மனுஷன், அந்த மைக்செட்காரர். இறங்கும்போது, “கவலப்படாதீங்கக்கா, உங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆவல,” என்று வேறு சொன்னார்.

வேன் டிரைவர் சாப்பிடப் போனவர் வரவில்லை. மிஷினைக் காலடியில் வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றவள் முன்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிற இடத்திலிருந்து நரைத்த மீசைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“ஏறும்மா ஃப்ளோரா. அடையாளம் தெரில? சுப்புராயன்.”

முத்தொளியில் வயலின் வாசித்த சுப்புராயன். மிஷின் வந்த அடுத்த வருஷம் குழுவை விட்டுப் போனவர். போனவர் என்றால், போகச் சொன்னார்கள். அவள் தயங்கினாள், பிறகு மிஷினை உள்ளே தள்ளி, பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். சுப்புராயன் இன்ஜினை அணைத்தார்.

“கையத் தூக்குனியே, அது வித்த இல்லன்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

“எப்பிடி?”

“எனக்கும் ரெண்டு கச்சேரி அப்பிடித்தான். உன் மிஷினே வயலினு சத்தம் போட்டுச்சு. மேட வெறிச்சுனு கீதுன்னு என்னிய மைக்கு இல்லாம குந்த வச்சாரு கிருஷ்ணப்பன். வில்ல இழுத்துகினே இருந்தேன்.”

“எனக்கு அப்ப அது தோணவே இல்லண்ணே.”

“உனக்கு ஏன் தோணணும்? நீ வாசிச்சுகினு இருந்த.” அவர் குரலில் குத்தல் இல்லை, இருந்தும் ஃப்ளோரா முகத்தை லாரிகள் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவரே பேசினார். “அத்த வுடு. அப்பால போட்டியே, அது இன்னாது?”

“நான் செஞ்சது.”

“அதான் கேக்குறேன். நல்லா கீதா?”

“நீங்கதான் கேட்டீங்களே, நீங்க சொல்லுங்க!”

“எங்க கேட்டேன்? பாதில புடுங்கிட்டானே. லாரி கீரியெல்லாம் அடங்குச்சு, அப்பால இன்னா வருது?”

ஃப்ளோரா சொல்லப் பார்த்தாள். “அடங்கி, அடியிலேர்ந்து…” என்று கையைத் தூக்கினாள். வாயால் சொன்னபோது அது ஒன்றுமே இல்லாததாக இருந்தது. கடல் வருகிறது என்றால், கடல்தானே இதோ இருக்கிறது என்பார். “சொல்ல முடியாது,” என்றாள். “கேக்கணும். சிடி கீது. உங்க ஆட்டோல போடலாமா?”

சுப்புராயன் முன்னால் இருந்த பெட்டியைத் தட்டினார். “இதுல கேசட்டு ஒண்டிதான் ஓடும்.”

ஃப்ளோரா சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தது எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. முன்னால் நின்ற லாரிகள் உறுமிக்கொண்டே இருந்தன.

அதற்கப்புறம் கிருஷ்ணப்பனுக்கு நல்ல காலம். கை தூக்கும் ஐட்டத்தைப் பற்றி எண்ணூர் வரைக்கும் பேச்சு. அடுத்த மாதத்துக்குள் நான்கு ஊர்க்காரர்கள் கேட்டு வந்துவிட்டார்கள். அவர் இனிப்போடு ஃப்ளோரா வீட்டுக்கு வந்தார்.

“ஒண்ணும் பண்ண வாணாம். குந்து, கையத் தூக்கு, எறங்கி வா.”

“கரன்ட்டு குடுப்பீங்களா?”

“அது இன்னாத்துக்கு?”

ஃப்ளோரா கதவைச் சாத்தினாள். இனிப்பை ஜன்னல் வழியாக ஹில்டா வாங்கிக்கொண்டாள். கிருஷ்ணப்பன் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்து, நரைத்த டோப்பா வைத்து, கண்ணாடி மாட்டி, பெயின்ட் அடித்த பலகை ஒன்றின் முன்னால் உட்கார வைத்தார். அந்தப் பெண் ஃப்ளோராவைவிட அழகாகக் கையைத் தூக்குவதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். வல்லரசு அந்தக் கச்சேரிகளுக்குப் போகவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் போனான். வேலை அது. நடுவில் ஒரு நாள் வந்து, மிஷினின் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டு போனான். மழையையும் பறவைகளையும் கேட்டு, “இத்தெல்லாம் எங்கக்கா ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றான். “ஒளிச்சு வைக்கல. யாரும் கேக்கல,” என்று அவள் சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். அன்றைக்கு எடுத்தவற்றை எந்தப் பாட்டில் போட்டாலும் முதலில் அவளிடம் வந்து போட்டுக் காட்டினான்.

எட்டு நிமிடத்தைக் கேசட்டில் பதிந்து சுப்புராயனிடம் கொடுத்திருந்தாள். எதையும் எதிர்பார்க்கவில்லை; சும்மா கொடுத்தாள். அவர் அதை ஆட்டோவில் போட்டுக்கொண்டே ஓட்ட ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு தடவை அவள் வீட்டு வாசலில் நிறுத்தி நிலவரம் சொல்வார். ஒரு அம்மா, வண்டியில் ஏதோ ரிப்பேர் என்று பயந்து நடுவழியில் இறங்கிவிட்டாளாம். ஒரு மாணவன் எந்த ஊர்க் குழு என்று விசாரித்தானாம். ராயபுரம் என்றதும் நம்பவில்லையாம். பாட்டுப் போடுய்யா என்று திட்டுகிறவர்கள் தினம் இரண்டு பேராவது உண்டாம். அவர் ஒன்றையும் இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டார். அவர் போனபிறகு ஃப்ளோரா இரண்டு மணி நேரம் யாரிடமும் பேச மாட்டாள்.

ஒரு நாள் காலையில், இன்ஜினை அணைக்காமலே கூப்பிட்டார்.

“நேத்து ஒருத்தன் முழுசாக் கேட்டான் ஃப்ளோரா. காட்டுப்பள்ளியிலேர்ந்து ராயபுரம் வரிக்கும். திருப்பித் திருப்பிப் போட்டேன். ஒரு வார்த்த பேசல.”

ஃப்ளோரா ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். “எறங்கும்போது இன்னா சொன்னான்?”

“எங்க சொன்னான்? தூங்கிட்டான். நான்தான் தட்டி எழுப்புனேன்.”

சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று சுப்புராயன் கியரைப் போட்டார். ஃப்ளோரா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்த எடத்துல தூங்குனான்?”

“தெரியலியே. எண்ணூரு தாண்டுனப்பால…”

“ரோட்டக் கேக்கலண்ணே. மெட்டுல எந்த எடம்? லாரி உறுமும்போதா, அடங்கும்போதா, கடல் வந்தப்பாலயா?”

சுப்புராயன் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். “அடங்கி, கடல் வர்றதுக்கு முன்னால ஒரு மாதிரி சும்மா இழுக்குமே, அங்க தலை சாஞ்சுட்ச்சு.”

“அதான! எனக்கும் அங்க சந்தேகம் இருந்துச்சு. எழவு, அங்க நீளமாப் பூட்ச்சு,” என்றாள் ஃப்ளோரா. கம்பியை விட்டுவிட்டு, அவரிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனாள். அடுப்பில் வைத்ததைப் பார்த்துக்கொள்ளும்படி ஹில்டாவைக் கத்திச் சொல்வது தெருவரைக்கும் கேட்டது.